கிழிசலில் பிடித்த நாலு காய்

கண்ணு,

சிலுவை போட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது பம்பாயிலிருந்து நீ போட்ட கடிதத்திலேயே தெரிகிறது. கப்பலா விமானமா என்று எழுதினாய், கம்பெனி ரூமில் எட்டுப் பேர் என்று எழுதினாய், சாப்பாட்டைப் பற்றி எழுதினாய். கடைசியில் நாலு விரல் இடம் மிச்சமிருந்தது போலிருக்கிறது, அதில், "அந்த உப்பு மண்ணுல ஒண்ணும் ஆவாதும்மா, என்னாலயும் ஒண்ணும் ஆவாது, அதான் கெளம்பறேன்" என்று எழுதி மடித்துவிட்டாய். அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுப் படித்தேன். படித்து முடித்ததும் அவர், "அவ்ளோதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். உன் விஷயத்தில் நான் சொன்ன பொய்களில் அது கடைசி. முதல் பொய் எது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி.

எமர்ஜென்சிக்கு முந்தின மார்கழியில் நீ காலேஜ் லீவுக்கு வந்தபோது தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து எட்டு விதை கொண்டுவந்தாய். பேராசிரியர் எங்கோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்த காட்டுத் தக்காளி, கடலோர வறட்டு மண்ணில் தானாக முளைத்துக் கிடக்குமாம், இதையும் நம் நாட்டுத் தக்காளியையும் சேர்த்து உப்பு தாங்குகிற ஒரு வகை எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், முதலில் நம் மண்ணில் இது காய்த்து விதை கொடுக்கிறதா என்று தெரிய வேண்டும் என்று சொன்னாய். நம் வீட்டுக் கொல்லையைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? உப்பளத்து வரப்பிலிருந்து கூப்பிடு தூரம். காலையில் எழுந்து பார்த்தால் தரை வெள்ளையாகப் பொரிந்திருக்கும், கிணற்றுத் தண்ணீரில் துணி அலசினால் நுரை வராது. நான் தக்காளி வளர்ப்பதே மேற்கேயிருந்து வண்டியில் வந்த செம்மண்ணை உடைந்த பானைகளில் கொட்டி, நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றித்தான். நீ அந்த எட்டு விதையை அந்த வெள்ளைத் தரையில் நேராக ஊன்றினாய். "பைத்தியமாடா உனக்கு?" என்று கேட்டேன். ஐந்து முளைத்தது. மூன்று நின்றது.

நீ கிளம்பும்போது பஸ் ஹாரன் அடிக்கிறது, நீ ஓடிக்கொண்டே, "ஆடு மேயாம பாத்துக்கம்மா. வேற எதுவும் அதுல கலந்துடக் கூடாது, வெத சுத்தமா வேணும். பூக்கறப்ப நானே வந்துடறேன்" என்றாய். இந்த மூன்று சொல்லையும் நான் வேதம் போலப் பிடித்துக்கொண்டேன். ஆடு வராமல் முள் வைத்தேன். பூத்தபோது நீ வரவில்லை. உனக்கு மஞ்சள்காமாலை, ஹாஸ்டலில் படுத்துக் கிடந்தாய், மோரும் கீழாநெல்லியும் கொடுக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. மிச்சம் இருந்தது நடுவில் சொன்ன சொல்தான், கலந்துவிடக் கூடாது. பானையில் நாட்டுத் தக்காளி பத்தடியில் பூத்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பாத்திமா கத்திரி போட்டிருந்தாள். என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவின் கட்டிலில் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்து, நாலு சவுக்குக் குச்சி நட்டு, மூன்று செடியையும் மூடி, ஓரமெல்லாம் மண்ணை இழுத்துப் போட்டேன். எறும்பு மட்டும்தான் நுழைய முடியும். அதைச் செய்துவிட்டு அன்றைக்கு நான் நிம்மதியாக ஜெபமாலை சொன்னேன்.

அப்பா மறுநாள் உப்பளத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னாடி இது, கோழிய கூடையில கவுத்து வெக்கிற மாதிரி வெச்சிருக்க? சேவல் எந்தப் பக்கமா வரும்?" என்றார். "தவக்காலத்துல பேசற பேச்சா இது, வாய கழுவிக்கினு உள்ள போங்க" என்றேன். பாத்திமாவும் ஒருநாள் வேலியில் சாய்ந்துகொண்டு, "அக்கா, எங்க கத்திரித் தோட்டத்து வண்டு உங்க வலைமேல உக்காந்து அழுவுது பாருங்க, தொறந்து வுடுங்க பாவம்" என்றாள். பூசணிக்கும் பீர்க்கனுக்கும்தான் வண்டு வேண்டும், தக்காளிக்கு எதற்கு? இருபது வருஷமாகத் தக்காளி வளர்க்கிறவளுக்கு இவள் சொல்லித்தர வந்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். அடுப்படி ஜன்னலில் வைத்த பானையில்கூட எனக்குத் தக்காளி காய்த்திருக்கிறது. காற்றடித்தால் போதும். செடி கொஞ்சம் ஆடினால் போதும். எனக்குத் தெரிந்த தக்காளி அதுதான். அதனால் எல்லாத் தக்காளியும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

பூத்தது கண்ணு. அதை நீ பார்க்கவில்லை. நாட்டுப் பூவைவிடப் பெரிசு, மஞ்சள் கண்ணைப் பறிக்கும். தரையோடு படர்ந்து, தொட்டால் கையில் பிசுபிசு என்று ஒட்டி, ஒரு மாதிரி காட்டு வாசனை. நான் எதையும் எழுதி வைக்கிறவள் என்று உனக்குத் தெரியும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, பூத்தது, உதிர்ந்தது, பிடித்தது என்று மூன்று பத்தி வைத்தேன். தினமும் காலை ஜெபம் முடிந்ததும் எண்ணுவேன். பூத்தது ஏறிக்கொண்டே போனது. நாலைந்து நாளில் காம்பின் நடுவில் இருக்கிற முட்டி மஞ்சளாகும், தொட்டால் ஒடிந்துவிடும். உதிர்ந்ததும் அப்படியே ஏறிக்கொண்டு போனது. மூன்றாவது பத்தியில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். வலைக்கு வெளியே நின்று கையை விட்டுச் செடியை உலுக்கிப் பார்த்தேன். பயனில்லை. மாதா சுரூபத்தின் முன் ஒன்பது நாள் மெழுகுவத்தி வைத்து, தாயே என் பிள்ளைக்காக ஒரு காய் கொடு என்று கேட்டேன். காயைக் கேட்டேனே தவிர, என்ன தப்புச் செய்கிறேன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அதற்கு முன்னே அப்பா மூலமாகவும் பாத்திமா மூலமாகவும் சொல்லித்தான் பார்த்திருக்கிறாள்.

ஒரு இடத்தில் மட்டும் பிடித்தது. இதை நீ இன்றுவரை அறியமாட்டாய். வலையின் கிழக்குப் பக்கம் குச்சி இடித்து ஒரு சாண் கிழிந்திருந்தது. இரண்டு செடியிலிருந்து ஒவ்வொரு கிளை அந்தக் கிழிசல் வழியாக வெளியே வந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. உள்ளே தள்ளினால் ஒடியும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் வெயில் ஏறும் நேரம் அங்கே ஒரு வண்டைப் பார்த்தேன், வயிற்றில் நீலக் கோடு போட்டது, பாத்திமாவின் கத்திரிப் பூவில் தினமும் பார்க்கிற அதே வண்டு. பூவின் நடுவில் கூம்பாகக் குவிந்திருக்கிறதே, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, உடம்பைச் சுருட்டி, "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் போட்டது. பறக்கிற சத்தம் இல்லை அது, றெக்கை அசையவில்லை. மாவுச் சல்லடையைத் தட்டினால் கொட்டுவது போல மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டியது. அப்புறம் அடுத்த கிளைக்குப் போனது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வலையைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். நான் முந்தானையால் அதை விரட்டினேன். அது போகிற வரைக்கும் நின்று விரட்டிவிட்டு வந்து, கிழிசலை ஊசி நூல் எடுத்துக் கிளையைச் சுற்றித் தைத்தேன்.

அதற்குள் நாலு பூ பிடித்துவிட்டது. அந்த இரண்டு கிளையில் பூத்தது மொத்தமே ஏழு. நோட்டில் எழுதியும் வைத்தேன். எழுதத் தெரிந்தவளுக்கு எழுதியதைப் படிக்கத் தெரியவில்லை. கோலிக்குண்டு அளவில் நாலு காய், மேலெல்லாம் பூனை முடி. உனக்கு எழுதலாம் என்று கார்டு வாங்கிவிட்டு, பழுக்கட்டும், பழுத்ததும் எழுதினால் சந்தோஷப்படுவான், காமாலை உடம்புக்குத் தெம்பாக இருக்கும் என்று வைத்திருந்தேன். பழுக்கவே இல்லை. குருத்தோலை ஞாயிறு வந்தது, பெரிய வெள்ளி வந்தது, ஈஸ்டரும் போனது, பச்சையாகவே இருந்தது. அப்புறம் ஊதாக் கோடு விழுந்து, கொழகொழவென்று மெத்தென்றாகி, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. அழுகிவிட்டது என்று நினைத்தேன். மீன் செதிலும் சாம்பலும் கொட்டுகிற குழியில் என் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டேன். அது அழுகல் இல்லை கண்ணு, அதுதான் அதன் பழம். அந்த ஜாதி சிவக்கவே சிவக்காதாம். இதெல்லாம் நான் பின்னால் படித்தது.

வெயிலில் செடியும் காய ஆரம்பித்தது. வலையை எடுத்துத் துவைத்து மடித்துக் கட்டிலில் கட்டிவிட்டேன். அதற்குப் பத்து நாள் கழித்து நீ வந்தாய். கண்ணெல்லாம் இன்னும் மஞ்சள். பையை வாசலிலேயே போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாய். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கிளையாகத் தூக்கிப் பார்த்தாய். "ஒண்ணுகூட புடிக்கலியாம்மா?" என்று கேட்டாய். நாலு பிடித்ததையும் நான் தூக்கி எறிந்ததையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோயாளிப் பிள்ளை, வந்ததும் வராததுமாக எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ என்னைக் கோபமாகப் பார்ப்பாயே என்ற பயம்தான். "இல்லடா" என்றேன். நீ இன்னொரு கிளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வண்டு வந்துச்சா?" என்று கேட்டாய். நீ ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வலை போட்டது ஏதோ தப்பு என்று அந்தக் கேள்வியிலேயே உறைத்தது. "வந்துதுப்பா, நெறைய வந்துது" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். நீ எழுந்து கையைத் தட்டிக்கொண்டாய். "வண்டும் வந்துருக்கு, பூவும் பூத்துருக்கு, அப்பறமும் புடிக்கலன்னா உப்புதான். இந்த மண்ணுக்கு ஆவாது" என்றாய். அப்படியே பேராசிரியருக்கும் எழுதிக் கொடுத்தாய். அவர் அந்த வேலையை மூடிவிட்டார், விதை வேறு இல்லை என்றார், வேறு ஏதாவது எடுத்துப் படி என்றார். நீ எடுக்கவில்லை, படிப்பையே விட்டுவிட்டு வந்தாய். உரக் கடையில் மூட்டைக்குச் சீட்டு எழுதினாய். அப்புறம் ஏஜென்ட், பாஸ்போர்ட், இப்போது பம்பாய், அடுத்து அரபு நாடு. ஒரு பொய் இவ்வளவு தூரம் நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

நீ உரக் கடைக்குப் போன அந்த ஐப்பசியில், மழைக்கு ஒழுகுகிறதே என்று உன் டிரங்குப் பெட்டியை நகர்த்தி, உள்ளே நனைந்ததை உலர்த்தினேன். உனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் உன் பாலபாடத்திலேயே எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். எதைப் பார்த்தாலும் படிக்காமல் விடமாட்டேன். கல்லூரி மலருக்கு என்று நீ தமிழில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கட்டுரை கிடைத்தது. இரண்டு பூவை நெட்டுவாக்கில் பிளந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டிருந்தாய். நாட்டுத் தக்காளியில் சூலகத்துத் தண்டு குட்டை, மகரந்தக் கூம்புக்குள்ளேயே அதன் முனை ஒளிந்திருக்கும், காற்றில் ஆடினால் தன் தூள் தன் மேலேயே விழுந்து காய்த்துவிடும். மனிதன் தலைமுறை தலைமுறையாக அப்படிப் பொறுக்கி எடுத்தது என்று எழுதியிருந்தாய். காட்டு வகையில் அந்தத் தண்டு கூம்பைத் தாண்டி அரை அரிசி நீளம் வெளியே நிற்கும். தன் தூள் அதன் மேல் விழாது, விழுந்தாலும் ஒட்டாது, தன்னுடையது என்று அடையாளம் கண்டு தள்ளிவிடும். இன்னொரு செடியின் தூள் வேண்டும். அதைக் கொண்டுவர, கூம்பைப் பிடித்து அதிர வைக்கத் தெரிந்த வண்டு வேண்டும். தேனீக்குக்கூட அந்த வித்தை தெரியாது என்று எழுதியிருந்தாய்.

நான் அதை நம்பாமல் சோதித்துப் பார்த்தேன். பானையிலிருந்து ஒரு நாட்டுப் பூவைப் பறித்து ஊசியால் பிரித்தேன். தண்டின் முனை உள்ளேதான் இருந்தது, கூட்டுக்குள் குஞ்சு போல. ஜெபப் புத்தகத்தில் ஒரு காட்டுப் பூவை, அழகாக இருக்கிறதே என்று, காய வைத்திருந்தேன். அதை எடுத்தேன். காய்ந்து காகிதமாகிவிட்ட பிறகும் அந்தத் தண்டு பச்சை நூலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் தினமும் எண்ணின பூ. தினமும் அது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஆண்டவர் அதை எதற்கு அப்படி வெளியே வைத்தார் என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை.

குழிக்கு ஓடினேன். அப்பா ஆடி மாசமே அதை வாரித் தென்னங்கன்றுகளுக்குப் போட்டுவிட்டார். கன்றுகளைச் சுற்றித் தக்காளி நாற்று முளைத்திருந்தது. பதிமூன்று. ஒன்றையும் பிடுங்க விடவில்லை, நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினேன். அப்பா, "இன்னாடி இது, தென்னைக்குத் தண்ணி வுடறியா தக்காளிக்கு வுடறியா?" என்றார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எழுதிடு அவனுக்கு" என்றார். பூக்கட்டும் என்றேன். ஒன்று போதும், நூல் வெளியே நீட்டிய பூ ஒன்றே ஒன்று. நாட்டுத் தக்காளி போல இலை அகலமாக வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் பூக்கிற வரைக்கும் காத்திருந்தேன். பதிமூன்று செடியிலும் பூவை ஒவ்வொன்றாக ஊசியால் பிரித்தேன். பதிமூன்றிலும் நூல் உள்ளே. அடுப்படியில் நறுக்கிக் கழித்த நாட்டு விதைகள். அதன்பின் உனக்கு என்ன எழுதுவது? விதையோடு உண்மையைக் கொடுத்தால் நீ மன்னிப்பாய், வெறும் உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

உன் கடிதம் வந்த சனிக்கிழமை, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் வயசானவர், பாதி கேட்டதுமே, "செடிக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் வேணாம்மா" என்றார். "செடிய பத்தி இல்ல சாமி, புள்ளைகிட்ட பொய் சொன்னத பத்தி" என்றேன்.  அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "ஆண்டவர் மன்னிச்சுட்டார்மா. ஆனா பொய்ய நீங்க ஆண்டவர்கிட்ட சொல்லலியே. யார்கிட்ட சொன்னீங்களோ அங்க போங்க" என்றார். பாவப்பொறுத்தல் வாங்கியும் எனக்கு இந்த முறை மனசு இறங்கவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது நாக்கு வறண்டிருந்தது. அதைச் சொல்வதற்கும் எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தாய், சும்மா இருக்க வரவில்லை. ஒன்றுதான் சொல்வேன். எதையாவது பத்திரமாக வைக்க வேண்டும் என்று கை பரபரக்கும்போது, அது எப்படிப்பட்டது என்று ஒரு நிமிஷம் நின்று பார். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தாலும் பார். நாலாவது வகுப்பு முடித்ததும் சாமியார் உன்னை போர்டிங்குக்கு அனுப்பச் சொன்னார், உனக்கும் ஆசை. ஜுரம் வரும், சோறு ஒத்துக்காது என்று நான் மூன்று வருஷம் தடுத்து வைத்தேன். இதோ இப்படித்தான் உன்னையும் வலை போட்டேன் என்று சேர்த்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, பூவையும் மனுஷரையும் ஒன்றாக்கிப் பேசுகிற பிரசங்கம் எனக்குப் பிடிக்காது. நீ பூவில்லை. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கலாம். அந்தச் செடிகளிடம் கேட்க முடியாது. அவை வேர் வரைக்கும் காய்ந்துவிட்டன, அந்த இடத்தில் இப்போது பழையபடி உப்புப் பொரிந்திருக்கிறது.

பேராசிரியருக்குத் தனியாக எழுதினேன், நோட்டில் இருந்த கணக்கையும் நகல் எடுத்து வைத்தேன். இன்னும் பதில் இல்லை. வருமென்று நான் நம்பவில்லை. நாலு காயை நான் ஒருத்திதான் பார்த்தேன். பார்த்தவள் ஏற்கெனவே ஒருமுறை பொய் சொன்னவள். அவர் ஏன் நம்ப வேண்டும்? அந்த விதையை மறுபடி வரவழைக்க எத்தனை வருஷம் ஆகுமோ, அதற்குள் நீ என்ன ஆவாயோ. இந்தக் கடிதம் உன்னை நிறுத்தாது என்றும் தெரியும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒருவேளை நீ கிளம்பின பிறகுதான் இது அந்த ரூமுக்கு வந்து சேரும், யாராவது பிரித்துப் படித்துவிட்டுப் போடுவார்கள். படிக்கட்டும்.

நீ நட்டது பிடித்தது கண்ணு. இந்த மண்ணில், இந்தத் தண்ணீரில், வண்டு தொட்ட ஏழு பூவில் நாலு பிடித்தது. உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை, உனக்குக் கொடுத்த பதிலில்தான் தப்பு. நீ போகிற அந்தப் பாலைவனத்தில் கூட வேலை செய்கிறவன் யாராவது, ஏன்பா படிப்பை விட்டுவிட்டு வந்தே என்று ஒருநாள் கேட்பான். மண்ணைச் சொல்லாதே. உன்னைச் சொல்லாதே. என் பெயரைச் சொல்.

அம்மா